பல மொழி வகுப்பறையில் நம் சின்னப் பையன்கள்: பெங்களூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மர்ஃபி டவுனில் ஒரு வீட்டு மாடியில், சனி ஞாயிறு காலைகளில், ஐந்து முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். அதற்கு முன் 28 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பிள்ளையை அழைத்துப் போக வருகிறவர்கள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல் ஒன்றைக் கேட்பார்கள். அரை மணி நேரம் ஆனாலும் இன்னொரு செருப்பை மாட்டியிருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு முகங்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதாலும், அவற்றில் பெரும்பாலானவை பையன்களைப் பற்றியவை என்பதாலும், இவற்றைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன.

பையனுக்கு ஸ்கூல்ல ஒட்டுதலே இல்லைன்னு மிஸ் சொல்றாங்க. மார்க் நல்லாத்தானே வாங்குறான், அப்புறம் என்ன ஒட்டுதல்?

மதிப்பெண் வேறு, ஒட்டுதல் வேறு. நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகவும் எளியது. உங்கள் மகன் ஒருநாள் பள்ளிக்குப் போகாவிட்டால், ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, "மிஸ், அவன் இன்னும் வரல" என்று ஒரு பிள்ளையாவது சொல்லுமா? சொல்லும் என்றால் அவனுக்கு அந்த வகுப்பில் இடம் இருக்கிறது. யாரும் சொல்ல மாட்டார்கள் என்றால், நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவன் அங்கே விருந்தாளிதான்.

அல்சூர், சிவாஜி நகர், லிங்கராஜபுரம் பக்கத்துப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் தக்கினி உருதுவும் உட்கார்ந்திருக்கும். இப்போது காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகளோடு நேபாளியும் இந்தியும் சேர்ந்திருக்கின்றன. இத்தனை பேர் ஒரே அறையில் இருப்பதனாலேயே எல்லோரும் கலந்துவிட்டார்கள் என்று பள்ளிகள் நினைத்துக்கொள்கின்றன. மதிய இடைவேளையில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பத்து நிமிடம் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பொம்பளப் புள்ளைங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லையா? பசங்களை மட்டும் ஏன் தனியாப் பேசுறீங்க?

பெண் குழந்தைகளுக்கும் உண்டு. சில வகையில் கூடுதலாகவே உண்டு. ஆனால் ஐந்தாறு வயதில் அது வெளிப்படும் விதம் பெரும்பாலும் மாறுகிறது. ஒதுக்கப்பட்ட சிறுமி ஓரமாக நின்று அழுதால் யாராவது அருகில் போய் என்ன என்று கேட்பார்கள். பையனுக்கோ, பேச்சு வந்த நாளிலிருந்து "ஆம்பளப் புள்ள அழக் கூடாது" என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். அதனால் அவன் பெஞ்சை உதைக்கிறான், பக்கத்துப் பையனின் பென்சிலை ஒடிக்கிறான், பெயரைக் கூப்பிட்டால் குரங்குபோல் சத்தமிட்டு வகுப்பைச் சிரிக்க வைக்கிறான். அல்லது திங்கட்கிழமை காலையில் மட்டும் அவனுக்கு வயிறு வலிக்கிறது. குறும்புக்குத் தண்டனை கிடைக்கிறது, வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் கிடைக்கிறது. என்ன நடந்தது என்ற கேள்வி மட்டும் கிடைப்பதில்லை.

இதை நான் மேலிருந்து சொல்லவில்லை. என் வகுப்பில் ஒரு தெலுங்குப் பையனை, அடிக்கிறான் என்பதற்காக, மூன்று மாதம் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தேன். அவன் அடிப்பது விளையாட்டு வகுப்புக்குப் பிறகு மட்டும்தான் என்பதையும், அணி பிரிக்கும்போது ஒவ்வொரு முறையும் கடைசியாக மிஞ்சுபவன் அவன்தான் என்பதையும் பள்ளியின் ஆயாம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். ஒதுக்கப்பட்டவனை நானும் என் பங்குக்கு ஒதுக்கியிருந்தேன்.

ஜூன்ல சேர்த்தோம். வீட்ல வாய் ஓயாது, கிளாஸ்ல ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறானாம். பேச்சே வராமப் போயிடுமா?

புதிய மொழிக்குள் வந்து விழுந்த பிள்ளை சில வாரங்களும், சில பிள்ளைகள் சில மாதங்களும், வாய் திறக்காமல் இருப்பது இயல்பானது. அந்த நேரத்தில் வாய்தான் ஓய்ந்திருக்கிறது, காது வேலை செய்துகொண்டிருக்கிறது. "புத்தகத்தை எடு" என்று ஆசிரியை கன்னடத்தில் சொன்னால் எடுக்கிறானா, காலை வணக்கத்தில் பாடும் மாநிலப் பாடலான நாடகீதையைக் குளிக்கும்போது அரைகுறையாக முணுமுணுக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் கவலைப்பட வேண்டாம். விருந்தினர் முன்னால் நிறுத்தி "எங்கே, கன்னடத்துல சொல்லு பாக்கலாம்" என்பதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். ஆசிரியையிடம், தலையசைப்பையும் கைகாட்டுவதையும் இப்போதைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வகுப்பிலுள்ள தமிழ்ப் பையன்களிடம்கூடத் தமிழில் பேசுவதில்லை, தண்ணீர் வேண்டும் என்றோ சிறுநீர் வருகிறது என்றோ சொல்வதில்லை, பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கழித்துப் பார்த்தாலும் இது ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால், அது மொழிச் சிக்கல் மட்டும் அல்ல. முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதித்துவிட்டு, குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசூர் சாலையிலுள்ள பெரிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது. நிம்ஹான்ஸ் என்றதும் முகம் மாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல்வலிக்குப் பல் மருத்துவரிடம் போக யாரும் கூசுவதில்லை.

அப்போ வீட்ல தமிழ் பேசுறதை நிறுத்திட்டா சீக்கிரம் ஒட்டிக்குவானா?

வேண்டாம். பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ தெரியாமல் திணறும் பையன் மாலையில் நுழையும் வீட்டிலும் அரைகுறை மொழியே காத்திருந்தால், முழுமையாகப் பேச அவனுக்கு எங்குமே இடம் இருக்காது. ஒரு மொழியில் கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை இன்னொரு மொழியிலும் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது என்பதை என் வகுப்பில் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

கன்னடத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்று பொருள் அல்ல. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம் அதை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாழும் ஊரின் மொழியைக் கற்பதுதான் முறை. பையனிடம் அதைப் பாடமாகக் கொடுக்காமல் ஒரு ரகசியச் சாவியாகக் கொடுத்துப் பாருங்கள். தமிழில் 'ப'வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து. 'வ' பல இடங்களில் 'ப' ஆகும்: வா என்றால் பா, வில் என்றால் பில்லு, வெள்ளி என்றால் பெள்ளி. இதைக் கண்டுபிடித்த நாளில் ஒரு ஏழு வயதுப் பையன் எங்கள் மாடியிலிருந்த பொருள்களுக்கெல்லாம் கன்னடப் பெயர் உண்டாக்க ஆரம்பித்து, பாயை 'ஹாயி' ஆக்கிவிட்டான். கன்னடத்தில் அது சாப்பெ. தவறுதான், ஆனால் அன்றுதான் அவன் கன்னடத்தைக் கண்டு முதன்முதலாகச் சிரித்தான்.

கன்னட உக்தலேகனத்தில், அதாவது சொல்வதை எழுதும் தேர்வில், நம் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பதற்கும் காரணம் உண்டு. நமக்கு ஒரே 'க' இருக்கும் இடத்தில் அங்கே நான்கு எழுத்துகள் இருக்கின்றன. அதை மந்த புத்தி என்று யாராவது சொன்னால், இந்தக் காரணத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பேரையே ஒழுங்காக் கூப்பிட மாட்டேங்குறாங்க. சின்ன விஷயம்தானே, விட்டுடலாமா?

சின்ன விஷயம் அல்ல. பள்ளியில் அவனுக்குச் சொந்தமாக இருக்கும் முதல் பொருள் அவன் பெயர்தான். எழிலன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 'ழ' இருக்கும் இடத்தில் இரண்டு எழுத்துகள் வரும்; தமிழ் தெரியாத ஆசிரியை அதை எஜிலன் என்றோ எசிலன் என்றோ வாசிப்பார். கேலி செய்யப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் வேறு எதுவும் தேவையில்லை. இதைவிடப் பெரிய குழப்பம் தலைப்பெழுத்தால் வருவது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, படிவமோ கேட்கிறது, தலைப்பெழுத்தை விரித்து முதலில் எழுதிவிடுகிறோம். ஆண்டு முழுவதும் பையனை அவன் அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்லாத பையனுக்குக் கவனக்குறைவு என்று குறிப்பு எழுதிய பள்ளியையும் நான் அறிவேன்.

சேர்க்கைப் படிவத்தில் பையனின் பெயர் முதல் கட்டத்தில் வருகிறதா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே ஆசிரியையிடம் போய், பெயரைக் கன்னட எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். இன்றைய கன்னடத்தில் ழகரம் வழக்கில் இல்லாததால் அது 'எளிலன்' ஆகும். எளிலன் எவ்வளவோ தேவலாம்.

டிபன் பாக்ஸ்ல கருவாடு கொண்டுபோனான்னு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்களாம். இனிமே தயிர் சாதமே கட்டிடவா?

அவன் கேட்டால் கட்டுங்கள். நீங்களாக முடிவு செய்து, வீட்டுச் சாப்பாடு வெட்கப்பட வேண்டியது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். மூடிய அறையில் கருவாட்டு வாசம் பழகாத மூக்குக்குக் கடுமையாகத்தான் இருக்கும். அதைச் சொல்வதில் பகை இல்லை, கேலி செய்வதில்தான் இருக்கிறது. கர்நாடக அரசுப் பள்ளிகளின் மதிய உணவில் முட்டையும், முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழமும் ஒரே வரிசையில் நின்று வாங்கும்படி தரப்படுகின்றன. அந்த அளவு இயல்பை உங்கள் மகனின் வகுப்பிலும் எதிர்பார்க்கலாம் என்று ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

விளையாட்டுல சேர்த்துக்கவே மாட்டேங்குறாங்களாம். நான் போய் அந்தப் பசங்ககிட்ட பேசட்டுமா?

நீங்கள் நிற்கும்வரை சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் அவன் முன்னிலும் மோசமான நிலையில் நிற்பான்.

இந்த வயதுப் பையன்களுக்கு வகுப்பறை என்பது சுவருக்குள் இருப்பதைவிட மைதானத்தில்தான் அதிகம் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன "அவன் இன்னும் வரல" என்ற குரல் பெரும்பாலும் ஆள் குறையும் அணியிலிருந்துதான் வரும். எனவே ஆட்டத்துக்குள் நுழையும் கலையை அவனுக்குக் கற்றுக்கொடுப்பது அவசியம். "நானும் வரட்டுமா?" என்று கேட்டால், "வேணாம்" என்று சொல்வது ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு மிகவும் எளிது. அதைவிட, சற்று நேரம் அருகில் நின்று ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு வேண்டிய ஏதாவது ஒரு வேலையைத் தானாகச் செய்யத் தொடங்கும் பையன் சீக்கிரம் உள்ளே போகிறான். லகோரி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஏழு கல் ஆட்டம்தான் அது: அடுக்கிய கற்களைப் பந்தால் தட்டிவிட்டு, எதிரணி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்க வேண்டும். தட்டையான நல்ல கல் பெங்களூர் மைதானங்களில் அத்தனை சீக்கிரம் கிடைப்பதில்லை. கல் தேடிக் கொண்டுவருபவனும், சாக்கடைப் பக்கம் ஓடும் பந்தை எடுத்து வருபவனும் மூன்றாம் நாள் அணியில் இருப்பார்கள்.

ஆட்டத்தின் மொழியையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்: "நானூ ஆட்தீனி" என்றால் நானும் ஆடுகிறேன், "நன்ன சரதி" என்றால் என் முறை. ஓடு என்பது இரண்டு மொழியிலும் ஓடுதான். ஆனால் நம் பிடி அங்கே ஹிடி. நம் விடு அங்கே பிடு. ஒருமுறை எங்கள் தெரு மைதானத்தில் நம் பையன் தொண்டை கிழிய "பிடி! பிடி!" என்று கத்த, கன்னடப் பையன் அதைப் 'பிடு' என்று கேட்டுக் கையில் வந்த பந்தை விட்டுவிட்டான். கைகலப்பு வரும் என்று நான் எழுந்தேன். விஷயம் புரிந்ததும் இருவரும் புழுதியில் உருண்டு சிரித்தார்கள், அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த மைதானத்தில் எதைத் தவறவிட்டாலும் "பிடி!" என்றுதான் கத்தினார்கள்.

புது பேட் வாங்கிக் கொடுத்து இடம் பிடிக்கும் வழியைப் பல அப்பாக்கள் முயல்கிறார்கள். பேட் உடையும் நாளில் இடமும் போய்விடும்.

நான் டீச்சர்தான். கிளாஸ்ல 45 பசங்க. ஒவ்வொருத்தனோட ஒட்டுதலையும் பாத்துக்கிட்டு இருந்தா போர்ஷனை எப்ப முடிக்கறது?

நியாயமான கேள்வி; நானும் இதைச் சொல்லித்தான் பல ஆண்டுகள் தப்பித்தேன். தனியாக நேரம் கேட்காத ஒரு வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை இனவாரியாகப் பிரிந்து படித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுச் சண்டை மூண்டபோது, எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். அவன் சொல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அந்தத் துண்டு கிடைக்காது. கேலி செய்யப்பட்ட பையனின் வாயை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவது எளிது. 1537இல் பெங்களூரை நிறுவிய கெம்பேகவுடர் பற்றிய பாடத்தில், அவர் வம்சத்தின் பெயரால் வழங்கும் நான்கு கோபுரங்கள் வரும்: லால்பாக் பாறைமேல் ஒன்று, மேக்ரி சர்க்கிள் அருகே ஒன்று, கெம்பாம்புதி ஏரிக்கரையில் ஒன்று, அல்சூர் ஏரிக்கரையில் ஒன்று. நால்வர் குழுவில் ஆளுக்கொரு கோபுரம். கன்னடம் தடுமாறும் தமிழ்ப் பையனுக்கு அல்சூரைக் கொடுங்கள்; அவன் அதைத் தினமும் பார்க்கிறவன். குழுவுக்குத் திரும்பும் முன், எல்லாக் குழுக்களின் அல்சூர்ப் பையன்களும் ஐந்து நிமிடம் ஒன்றாகக் கூடித் தயார் செய்துகொள்ளட்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் பலவீனமான பையன் குழுவின் முன் மறுபடி அவமானப்படுவான்.

அணி பிரிக்கும் பொறுப்பைத் தலைவர்களான இரண்டு பையன்களிடம் விடாதீர்கள். சீட்டுப் போடுங்கள், அல்லது பிறந்த மாதப்படி பிரியுங்கள். கடைசியாக மிஞ்சும் அந்த ஒரு நிமிடத்தை ஒழிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆர்.டி.இ. சீட்ல பெரிய ஸ்கூல் கிடைச்சுது. பையன் 'அங்க எல்லாரும் கார்ல வர்றாங்க'ன்னு அழறான். தப்புப் பண்ணிட்டோமா?

ஆர்.டி.இ. எனப்படும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்கிறது. கர்நாடகத்தில் 2019இலிருந்து, அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இந்த இடம் இல்லை என்று விதி மாறிவிட்டதால், இப்படிச் சேர்ந்தவர்கள் ஒரு வகுப்பில் ஓரிருவராகவே இருக்கிறார்கள். அவன் அழுவது காருக்காக அல்ல. தன்னைப்போல் இன்னொருவன் இல்லை என்பதற்காக.

இத்தகைய சேர்க்கையால் அங்குள்ள வசதியான பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று கவலைப்படுவோருக்குப் பதில் டெல்லியில் இருக்கிறது. அங்கே தனியார் பள்ளிகளில் பொருளியலாளர் கௌதம் ராவ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் பிறரிடம் கூடுதல் தாராளமாக நடந்துகொண்டதும், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்ததும் தெரியவந்தது. அந்த ஒதுக்கலை அவர் அளந்தது ஒரு தொடர் ஓட்டப் பந்தயத்தில்: வேகமாக ஓடும் ஏழைப் பையனைக் கூட்டாளியாக எடுப்பார்களா, மெதுவாக ஓடும் தங்கள் கூட்டத்துப் பையனை எடுப்பார்களா என்று. மைதானத்தைப் பற்றி முன்பு நான் சொன்னது இங்கும் பொருந்துகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: அந்த வகுப்பில் ஒரே ஒரு தோழனைத் தேடிக் கொடுப்பது. எல்லோருடனும் பழகு என்று ஒரு சின்னப் பையனிடம் சொல்வதில் பயன் இல்லை. ஒருவன் போதும். அவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வீடு சின்னது என்று கூச வேண்டாம். மொட்டை மாடியும் பக்கத்துத் தெருப் பட்டமும் இருக்கிற வீட்டை எந்தப் பையனும் சின்ன வீடு என்று சொன்னதில்லை.

கோலம் போடுறான், பரதநாட்டியம் ஆடணும்கிறான். பசங்க 'பொண்ணு பொண்ணு'ன்னு கூப்பிடுறாங்க. நிறுத்தச் சொல்லிடவா?

கோலத்தை அல்ல, கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். பரதநாட்டியத்தை வகுத்துக் கொடுத்த தஞ்சை நால்வரும் ஆண்கள். ஆட்டம் பயிற்றுவித்த பழைய நட்டுவனார்களில் பெரும்பாலோரும் ஆண்களே. அப்பா இதை அவனிடம் சொல்வது அம்மா சொல்வதைவிடப் பலிக்கும் என்பது என் அனுபவம். வீட்டில் மாமாவும் சித்தப்பாவும் அதே கேலியைச் செல்லமாகச் செய்துகொண்டிருந்தால், பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

டீச்சரே 'ஏய் கொங்கா'ன்னு கூப்பிடுறாங்களாம். கேட்டா பையனை இன்னும் பழி வாங்குவாங்களோன்னு பயமா இருக்கு.

பெங்களூரில் தமிழர்களைக் கேலியாகக் கூப்பிடும் சொல் அது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் அல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அந்த ஆசிரியை பகையோடு சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்பது முதல் பேச்சில் தெரிந்துவிடும். எனவே தனியாகப் போய், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி கேளுங்கள். பலர் இதோடு திருந்திவிடுவார்கள்.

திருந்தாவிட்டால் எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதி, எந்த வகுப்பு நேரம், சொன்ன சொல் அப்படியே. அடைமொழிகள் வேண்டாம். தலைமை ஆசிரியருக்கு ஒரு பிரதி, உங்களிடம் ஒன்று. அரசுப் பள்ளியாக இருந்தால் பெற்றோர் இடம்பெறும் பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழுவான எஸ்.டி.எம்.சி.யில் வையுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் இருக்கின்றன. பழி வாங்கப்படுவோம் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் வேறு இரண்டு பெற்றோரையும் கையெழுத்திடச் சொல்கிறேன். அவர்களில் ஒருவர் கன்னடம் பேசுகிறவராக இருந்தால் மிகவும் நல்லது.

காவிரிப் பிரச்சினை கிளம்பும்போது என்ன பண்றது? தமிழ் பேசாதேன்னு சொல்லி அனுப்பறதா?

காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் பார்த்தவள் நான். 2016இல் பேருந்துகள் எரிந்த சில நாள் கழித்து என் வகுப்பில் இருந்த பையன் ஒருவன், "மிஸ், நாம எந்தக் கட்சி?" என்று கேட்டான். தெருவில் கலவரம் இருக்கும் நாளில் தமிழைத் தாழ்த்திப் பேசச் சொல்வது பாதுகாப்பு, அதைச் சொல்லுங்கள். ஆனால் அது ஏன் என்று அவன் வயதுக்கேற்ற இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மழை குறைந்துவிட்டது, இரண்டு பக்கத்து விவசாயிகளுக்கும் தண்ணீர் வேண்டும், பெரியவர்கள் சண்டை போடுகிறார்கள், உன் வகுப்புப் பையன்கள் யாரும் இதைச் செய்யவில்லை. காரணம் சொல்லாமல் வாயை மட்டும் மூடச் சொன்னால், தன் மொழியே குற்றம் என்று அவன் முடிவு செய்துகொள்வான்.

ஊர் அமைதியாக இருக்கும் ஒருநாள், அவனை அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்கு அழைத்துப் போங்கள். 1991இல் நிறுவி, 18 ஆண்டுகள் மூடியே இருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட சிலை அது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வஞ்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நம்மவர் இரண்டு அடியில் சொன்னார், அவர் மூன்று அடியில் சொன்னார் என்று சொல்லி, இருவரிடமிருந்தும் ஒன்றொன்று மனப்பாடம் செய்ய வையுங்கள். கர்நாடக மாநிலம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவ விழாவில் சர்வஞ்ஞரின் மூன்றடியைச் சொன்ன நம் பையனுக்கு வகுப்பே கைதட்டியதைப் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். கைதட்டல் வாங்குவதற்காகத் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்குத்தான் குறளும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறேன்.

என் பையன் பௌரகார்மிகர் (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்) வீட்டுப் பையன் பக்கத்துல உக்கார மாட்டேங்குறானாம். ஆறு வயசு டீச்சர், அவனுக்கு ஜாதி எப்படித் தெரியும்?

இந்தத் தொகுப்பில் மிகவும் கடினமான கேள்வி இது. இதைக் கேட்க அந்தத் தாய்க்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஜாதி என்ற சொல் தெரியாது. ஆனால் தெருப் பெருக்க வரும் அம்மா தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளரில் கொடுக்கிறீர்கள், அந்தத் தம்ளர் கழுவிய பிறகு எந்த இடத்தில் கவிழ்க்கப்படுகிறது, குப்பைப் பையைக் கொடுக்கும்போது கை எவ்வளவு தூரம் நீளுகிறது என்பதெல்லாம் தெரியும். பிள்ளைகள் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எனவே பையனை அடிக்க வேண்டாம், நீளமாக அறிவுரை சொல்லவும் வேண்டாம். "அவன் பக்கத்துல உக்காந்தா என்ன ஆகும்னு நினைச்ச?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். பிறகு அந்தத் தனித் தம்ளரை மற்றத் தம்ளர்களோடு சேர்த்து வைக்கும் வேலையை, அவன் பார்க்கும்போது, நீங்களே செய்யுங்கள். "இத்தனை நாள் அம்மா பண்ணது தப்பு" என்ற ஒரு வாக்கியத்தை அவன் காதில் விழச் சொல்லுங்கள். வகுப்பில் அந்தப் பையனோடு ஒரு வேலையில் இணைக்கும்படி ஆசிரியையைக் கேளுங்கள். துண்டு துண்டாகப் பாடம் படிக்கும் அந்த முறை இதற்கும் உதவும்.

நான் இதைச் சொன்னபோது அந்தத் தாய் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் எங்க வீட்டுக்கு வந்தா சரி, இவனை அவங்க வீட்டுக்கு அனுப்பணுமா டீச்சர்?" என்று கேட்டார். கூப்பிட்டால் அனுப்புங்கள், காபி கொடுத்தால் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்றேன்.